சிங்கப்பூர்த் தரைவீட்டில் நீச்சல் குளம் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டில் நீச்சல் குளம் வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் பேசுவது மொசைக் நிறத்தைப் பற்றித்தான். நீலமா, பச்சையா, பாலியில் பார்த்த மாதிரி சுக்கபூமிக் கல்லா? அப்புறம் விளக்கு, அருவி, மரத்தளம். இந்தத் தொழிலிலேயே இருக்கிற நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது? பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. சிங்கப்பூரில் ஒரு குளம் முப்பது ஆண்டு நிற்குமா, மூன்றே ஆண்டில் விரிசல் விடுமா என்பது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. அதனால் மண்ணுக்குள் மறைந்துபோகிற பாகங்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் பணமும் அங்கேதான் முதலில் போக வேண்டும். மொசைக் பிடிக்காமல் போனால் பத்தாண்டு கழித்து மாற்றிக்கொள்ளலாம். அடித்தளத்தை அப்படி மாற்ற முடியாது.

மனையில் இடம் இருக்கிறதா

சொந்த மனையில் நிற்கும் தரைவீடு வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. கூட்டு நிர்வாகத்தின் கீழ் வரும் தரைவீடு என்றால், தரையைத் தோண்டும் பேச்சுக்கு முன் நிர்வாகக் குழுவிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்கில் இடைவரிசை வீட்டு மனை குறைந்தது 150 சதுர மீட்டர், இரட்டை வீட்டுக்கு 200, பங்களாவுக்கு 400. இடைவரிசை வீட்டின் அகலம் 6 மீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், கார் நிறுத்தும் இடம் போக 5க்கு 2 மீட்டரில் ஒரு சிறு குளம்தான் அமையும். குளிர்ச்சியாக இறங்கி உட்காரவும் முழங்கால் வலிக்கு நீரில் நடக்கவும் அது தாராளம். நீளமாக நீந்த ஆசை என்றால் 8 மீட்டராவது வேண்டும். அதற்குள் இடம் இல்லாதவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நீந்தும் ரப்பர் கயிற்றைப் பயன்படுத்தலாம். விலை குறைவு, நல்ல உடற்பயிற்சி.

இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வரைபடங்கள் கையில் வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய் வரைபடம், வடிகால் விளக்க வரைபடம், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைக்கோட்டு வரைபடம். பழைய வரிசை வீடுகளில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பின்முற்றத்துக்கு அடியிலேயே ஓடும். அதன்மேல் கட்டவும் முடியாது, ஒட்டிக் கட்டவும் முடியாது. முன்பக்கத்தில் வருங்காலச் சாலை விரிவாக்கத்துக்கு ஒதுக்கிய கோடு உங்கள் வேலிக்குள் வந்திருக்கலாம். மனை எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. இந்தக் கோடுகளையெல்லாம் ஒரே தாளில் போட்டுப் பார்த்த பிறகு மிஞ்சுகிற இடம்தான் உங்கள் குளத்துக்கான இடம்.

வாஸ்து பார்க்கிறவர்கள் தண்ணீரை ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் வைக்கச் சொல்வார்கள். தாராளமாக வைக்கலாம். அந்த மூலையில் குழாய் ஓடவில்லை என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாரை அமர்த்துவது

நாமே மண்வெட்டி எடுத்து இறங்கும் வேலை இல்லை இது. தரைக்குள் கான்கிரீட் கட்டுமானம் என்றால், பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் வரைபடம் போட்டு, கட்டட, கட்டுமான ஆணையத்திடம் ஒப்புதலும் வேலை தொடங்கும் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் குளத்துக்கு எந்தெந்தத் துறையின் ஒப்புதல் தேவை என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உரிமம் பெற்ற குத்தகையாளர், உரிமம் பெற்ற பிளம்பர், உரிமம் பெற்ற மின்பணியாளர் மூவரும் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பொறியாளரை நீங்களே தேடி, நீங்களே சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். குத்தகையாளர் தன் ஆளையே கொண்டுவந்தால், கம்பி குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய நாளில் அவருக்குத் தர்மசங்கடம்.

விலைப்பட்டியல் வாங்கும்போது மண் ஆய்வு, மண் அகற்றுதல், நிலத்தடி நீரை இறைத்தல், பைல் (பாரம் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்), நீர்ச் சோதனை ஆகியவை தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘குளம், முழு வேலை’ என்று ஒரே தொகை எழுதிக் கொடுப்பவர்களிடம்தான் பின்னால் கூடுதல் கட்டணப் பேச்சு முளைக்கும்.

மண்ணும் நிலத்தடி நீரும்

சிங்கப்பூர் சின்னத் தீவுதான், ஆனால் மண் இடத்துக்கு இடம் மாறும். புக்கிட் தீமா, தாம்சன் பக்கம் கருங்கல் சிதைந்து உண்டான செம்மண். மேற்கே ஜூரோங் பக்கம் படிவுப் பாறை. பிடோக், சாங்கி பக்கம் இறுகிய பழைய வண்டல். இவற்றில் குளம் கட்டுவது ஓரளவு சுலபம். காலாங் ஆற்றுப் படுகையிலும், காத்தோங், தெலுக் குராவ் போன்ற கிழக்குக் கரையோரத் தாழ்நிலங்களிலும் ஆங்காங்கே கடல்களிமண் இருக்கும். சாம்பல் நிறத்தில், கையில் பிசைந்தால் வழவழவென்று, சேற்று வாடையோடு வரும். பாரம் ஏறினால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக அமுங்கிக்கொண்டே போகும். வீடு பைல் மேல் நின்று, குளம் வெறும் மண்மேல் நின்றால், வீடு அசையாது, குளம் இறங்கும். இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும், குழாய் இணைப்பு முறியும். அங்கே குளத்துக்கும் மைக்ரோபைல் என்ற மெல்லிய பைல் அடிக்க வேண்டும். செலவு கணிசமாக ஏறும் என்பதால், அதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே ஒரு துளையாவது போட்டு மண் ஆய்வு செய்யுங்கள். அந்தத் துளையிலேயே ஓட்டைக் குழாய் ஒன்றை விட்டுவைத்து, சில வாரங்களுக்கு நீர்மட்டத்தை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு நல்ல மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

நீர்மட்டத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கணக்கைப் பாருங்கள். உள்ளளவு 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம். சுவரும் தளமும் 20 சென்டிமீட்டர் தடிமன். அப்படியானால் வெளியளவு 8.4க்கு 3.4, உயரம் 1.5 மீட்டர். மண்ணுக்குள் அது அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 43 கனமீட்டர். கான்கிரீட்டின் எடை 28 டன் அளவுக்குத்தான் வரும். பெருமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், அது காலிக் குளத்தை 43 டன் விசையோடு மேலே தள்ளும். 15 டன் பற்றவில்லை. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்த கிண்ணம் கையை விட்டதும் எழும்புகிற மாதிரி குளம் மொத்தமாக எழும்பும். நீர்மட்டம் அரை மீட்டர் கீழே நின்றால்கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமம்தான். குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை கவலை இல்லை, அதுவே 29 டன் பாரம். கட்டும் மாதங்களிலும், பின்னால் பழுதுபார்க்கக் காலி செய்யும் நாளிலும்தான் ஆபத்து.

இதற்கு நான்கு தீர்வுகள் உண்டு. நல்ல குளத்தில் குறைந்தது இரண்டாவது இருக்கும். தளத்தைச் சுவருக்கு வெளியே 30, 40 சென்டிமீட்டர் நீட்டிவிட்டால் அதன்மேல் உட்காரும் மண்ணே பாரமாகும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பழுதாக இதில் எதுவுமே இல்லை. பைல் போடுகிற இடத்தில் அதையே இழுத்துப் பிடிக்கும் நங்கூரமாகவும் வடிவமைக்கலாம். மூன்றாவது, தளத்தில் பொருத்தும் நீரழுத்த வால்வு. வெளியே அழுத்தம் கூடினால் அது திறந்து, நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும். மண் அடைத்துக்கொண்டால் வேலை செய்யாது என்பதால் இதை மட்டுமே நம்ப வேண்டாம். நான்காவது, தளத்துக்கு அடியில் சரளைக் கல் பரப்பி, அதிலிருந்து குளத்தின் ஓரமாக மேலே வரும் ஓட்டைக் குழாய். மூடியைத் திறந்து பார்த்தால் நீர்மட்டம் தெரியும், தேவைப்பட்டால் சிறு பம்பை இறக்கி இறைத்துவிடலாம். கட்டும்போது இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பின்னால் வைக்க நினைத்தால் மிக அதிகம். கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

தோண்டுவதற்கு முன்

அண்டை வீட்டாரிடம் பேசுங்கள். பொதுச் சுவர் உள்ள வீடுகளில், இரு பக்க வீடுகளிலும் இப்போதே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கையாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நடக்கும்போது ஒரு விரிசல் கண்ணில் பட்டால், அது முன்பே இருந்ததா என்ற சண்டைக்கே இடமில்லாமல் போகும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் எத்தனை மாதம் சத்தம் இருக்கும், லாரி எப்போது வரும் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் வேலை கிடையாது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி. அதையும் சொன்னால் பாதி வருத்தம் குறையும்.

மண்ணுக்குள் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தை எஸ்பி குழுமத்திடம் வாங்கி, உரிமம் பெற்ற கம்பி கண்டறியும் பணியாளரை வைத்து இடத்தைக் குறிக்காமல் எக்ஸ்கவேட்டரை உள்ளே விடக் கூடாது. எரிவாயுக் குழாய்க்கும் இதே கவனம் வேண்டும். பெரிய மரம் இருந்தால் பொறுங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் தேவை. மரத்தை விட்டுவைத்துக் குளத்தைத் தள்ளிப் போட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் இலை உதிரும் தூரத்துக்கு அப்பால் போடுங்கள்.

எப்போது தொடங்குவது? தை பிறந்த பிறகு, மாசி வரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்ந்து, பிப்ரவரி ஒட்டிய வாரங்கள் ஆண்டிலேயே காய்ந்திருக்கும். ஆனால் சீனப் புத்தாண்டும் அதே சமயத்தில் வரும். கான்கிரீட் சப்ளை, லாரி, ஆட்கள் எல்லாம் நின்றுபோகும். குழியைத் தோண்டிப் போட்டுவிட்டு எல்லாரும் விடுமுறைக்குப் போனால் அது கொசுக் குளம்தான். ஆகவே புத்தாண்டு முடிந்து ஆட்கள் திரும்பியதும் தோண்டி, தளமும் சுவரும் ஒரே தொடர்ச்சியாக முடிகிற மாதிரி அட்டவணை போடுங்கள். ஒப்புதல்களுக்குப் பல மாதம் ஆகலாம். அதனால் பேச்சை முந்திய ஆண்டின் நடுவிலேயே தொடங்க வேண்டும்.

வடிவமைப்பில் நான்கு முடிவுகள்

ஆழம்: குடும்பத்துக்கு 1.1 முதல் 1.2 மீட்டர், ஒரே சீராக. ஆழமான மூலை எதற்கு? குதிக்கிற அளவுக்கு நம் மனைகளில் இடம் கிடையாது. ஆழம் குறைந்தால் தோண்டுவதும் தண்ணீரும் மருந்தும் எல்லாமே குறையும். இறங்க அகலமான படியும் கைப்பிடியும் வையுங்கள். ஏணி வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் இறங்க மாட்டார்கள்.

கட்டுமானம்: கம்பி கட்டி வார்க்கும் கான்கிரீட்டா, தயாராக வரும் ஃபைபர்கிளாஸ் தொட்டியா? ஃபைபர்கிளாஸ் வேகமாக முடியும். ஆனால் அதைக் கிரேனில் தூக்கி வீட்டைத் தாண்டி இறக்க வேண்டும், எடை குறைவு என்பதால் நிலத்தடி நீர் இன்னும் சுலபமாகத் தூக்கிவிடும். ஒடுக்கமான மனைக்கும் நம் மழைக்கும் கான்கிரீட்தான் என் தேர்வு.

நீர் மேற்பரப்பு: ஸ்கிம்மர், அதாவது மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர் வாய், வைத்த குளத்தில் நீர் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். வழிந்தோடும் குளம் கண்ணாடி போல அழகுதான், ஆனால் வழியும் நீரைப் பிடிக்கத் தனித் தொட்டியும் கூடுதல் குழாயும் வேண்டும். சிறு குளத்துக்கு ஸ்கிம்மரே போதும். மிச்சமாகும் பணத்தில் மண் ஆய்வு செய்துவிடலாம்.

உறிஞ்சு வாய்: அடித்தளத்தில் ஒற்றை உறிஞ்சு வாய் வைக்கவே கூடாது. குழந்தையின் உடம்பு ஒற்றை வாயை அடைத்தால் பம்பின் இழுப்பு முழுவதும் அந்த இடத்தில்தான். விடுவிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அமெரிக்காவில் அப்படி ஒரு சிறுமி இறந்த பிறகு, 2007இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வாய்கள், இரண்டும் ஒரே குழாயில் இணைந்து, முடி சிக்காத வளைந்த மூடியோடு இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நீண்ட முடி. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோண்டுதலும் கான்கிரீட்டும்

குழி 1.5 மீட்டரைத் தொட்டுவிடும் என்பதால் ஓரங்களுக்குத் தகடோ மரமோ கொண்டு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது. ஒரு கனமீட்டர் ஈர மண் ஏறத்தாழ 1.8 டன். சரிந்தால் ஓடி வெளியேற நேரமிருக்காது. குழிக்குள் இறங்குபவர்கள் பலர் புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த நம் தம்பிகள். குடிநீரும் நிழலும் வீட்டுக்காரராக நீங்கள் ஏற்பாடு செய்து கொடுங்கள். முட்டு இல்லாமல் ஆள் இறங்குவதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள், உங்கள் வீடு அது.

குழியின் மூலையில் ஒரு சிறு பள்ளம் வெட்டி, நீர் இறைக்கும் பம்பை அதில் வைப்பார்கள். காலையில் வந்ததும் அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். மழை பெய்யாத இரவுக்குப் பிறகும் தெளிந்த தண்ணீர் ஏறி நின்றால், அது நிலத்தடி நீர். பொறியாளரைக் கூப்பிட்டு அந்த மட்டத்தைக் காட்டுங்கள். ஆய்வில் சொன்னதைவிட மேலே இருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும் என்பதால் தேங்கிய நீரைத் தினமும் இறைத்தே ஆக வேண்டும்.

அடியில் சரளை, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் படுக்கை, அப்புறம் கம்பி கட்டு. இரண்டு அடுக்குக் கம்பி, கீழும் பக்கமும் 5 சென்டிமீட்டர் கான்கிரீட் மூடும்படி கட்டைகள் வைத்துத் தூக்கியிருக்க வேண்டும். கம்பி மண்ணைத் தொட்டுக் கிடந்தால் ஈரம் ஏறித் துருப்பிடித்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். தளமும் சுவரும் சேரும் இடம்தான் குளத்தின் மிகப் பலவீனமான கோடு. அங்கே நீர்த்தடுப்புப் பட்டை சுற்றிலும் தொடர்ச்சியாக ஓடுகிறதா, மூலைகளில் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று குனிந்து கையால் தடவிப் பாருங்கள். சுவரைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு குழாய்க்கும், அதன் ஓரமாக நீர் கசியாமல் தடுக்கும் விளிம்புத் தகடு வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன் குழாய்களில் 2 முதல் 3 பார் அழுத்தம் ஏற்றி ஒருநாள் விட்டுவைக்க வேண்டும். அளவுமானியைக் கழற்றாமல் கான்கிரீட் போட்டால், நடுவில் யாராவது குழாயை மிதித்து உடைத்தாலும் முள் இறங்கிக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டத்தில் எல்லாப் பக்கமும் அளவு நாடாவோடு படம் எடுத்துவையுங்கள். பின்னால் கசிவு தேடும்போது அந்தப் படங்கள் தங்கம்.

கான்கிரீட் போடும் நாளில் வீட்டில் இருங்கள். தரம் பொறியாளர் குறித்தது, பொதுவாக சி32/40 அல்லது அதற்கு மேல். லாரிச் சீட்டில் அதையும் புறப்பட்ட நேரத்தையும் பாருங்கள். வெயிலில் கலவை கெட்டியாகிறது என்று யாராவது லாரி டிரம்முக்குள் ஹோஸ் பைப்பை நீட்டினால் உடனே தடுக்க வேண்டும். கூடுதல் தண்ணீர் காய்ந்து போகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுப் போகும். குளத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. தளம் ஒரே மூச்சில், சுவர்கள் ஒரே மூச்சில். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் மூலை முடுக்கெல்லாம் போக வேண்டும். பலகை பிரித்ததும் தேன்கூடு மாதிரி ஓட்டை தெரிந்தால், பூசி மறைக்க விடாமல் பொறியாளருக்குக் காட்டுங்கள். ஏழு நாளாவது ஈரக் கோணி போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே கலவையில் வார்த்து நசுக்கிப் பார்க்கும் சோதனைக் கட்டைகளின் 7 நாள், 28 நாள் முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

நீர்ச் சோதனை, பிறகு டைல்

வெளியே மண் நிரப்புவதற்கு முன்பே வெறும் கான்கிரீட்டில் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். பல குத்தகையாளர்கள் நேரம் மிச்சம் என்று இதைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். வெளிச்சுவர் கண்ணுக்குத் தெரியும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். கான்கிரீட் தண்ணீரைக் குடித்து நிறைவதற்கு ஒரு வாரம் விட்டு, பிறகு மட்டத்தைக் குறித்து இன்னொரு வாரம் பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் ஈரத் திட்டு தெரிந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள்.

நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. மூலைகளிலும் குழாய் வாய்களிலும் வலைத்துணி சேர்த்து. மறுபடி நீர் நிரப்பிச் சோதனை. அதன் பிறகே மொசைக். நீருக்குள் நிற்கும் வகைப் பசையும், இடைவெளிக்கு எப்பாக்சி நிரப்பியும் கேளுங்கள். சிமெண்ட் நிரப்பியைக் குளத்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். சுற்றுத்தளத்துக்குக் கறுப்புக் கருங்கல் வேண்டாம். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. தளம் குளத்திலிருந்து வெளிப்பக்கம் சரியட்டும், மழையில் மண் உள்ளே வராது.

பம்பு, வடிகட்டி, மின்சாரம்

மேலே சொன்ன குளத்தில் 1.2 மீட்டர் நீர் நின்றால் 28.8 கனமீட்டர். ஆறு மணி நேரத்தில் முழு நீரும் ஒருமுறை சுற்றிவர, மணிக்கு 5 கனமீட்டர் ஓட்டம் வேண்டும். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மணல் வடிகட்டி இதற்குப் போதும். பெரிய பம்பு நல்லது என்று நினைக்காதீர்கள். மணலைத் துளைத்துக்கொண்டு அழுக்கோடு ஓடிவிடும். வேகம் மாற்றக்கூடிய பம்பு வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு கால்வாசிதான். சாதாரண 0.75 கிலோவாட் பம்பு நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 180 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 54 வெள்ளி.

வடிகட்டியைக் கழுவும் பேக்வாஷ் நீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும். வீட்டு முன்னால் ஓடும் மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்த வடிகால் நீர்த்தேக்கத்துக்குப் போய் நம் குழாய்க்கே திரும்பி வருகிறது.

மின்சாரத்தில் மூன்று விஷயம். நீருக்குள் 12 வோல்ட் விளக்கு மட்டும். எல்லா இணைப்புக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. கான்கிரீட் கம்பி, கைப்பிடி, உலோகச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்த நிலத்தொடர்பு. விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் பிளக் வேண்டாம்.

தண்ணீர் நிரப்பிய பிறகு

2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீர் கனமீட்டருக்கு 3.24 வெள்ளி. ஒரு குளம் நிரப்ப 93 வெள்ளியும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஆகும். மாதத்தில் 40 கனமீட்டரைத் தாண்டினால் மிச்சத்துக்கு விலை கூடும்.

அமில காரம், அதாவது பிஎச், 7.2 முதல் 7.8. தனிக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு; கீழே வரும் அளவுகளும் பிபிஎம்தான். காரத்தன்மை 80 முதல் 120. வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50. இங்குள்ள குழாய்நீர் மென்மையானது, டைல் இடைவெளியிலிருந்து சுண்ணாம்பை இழுக்கும். கால்சியம் கடினத்தன்மையை 200க்கு மேல் கொண்டுவாருங்கள். உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று பலர் நம்புகிறார்கள். உப்பிலிருந்து அந்தக் கருவி உண்டாக்குவதும் குளோரின்தான். நம் குளத்துக்கு 90 முதல் 115 கிலோ உப்பு போட வேண்டும். கண்ணுக்கும் தோலுக்கும் இதமாக இருக்கும் என்பது உண்மை. ஒரு பெருமழை வந்தால் எல்லா அளவும் நீர்த்துப்போகும், மறுநாள் சோதியுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒன்றாகக் கலக்கவோ ஒரே அலமாரியில் வைக்கவோ கூடாது. எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

தீபாவளிக் காலை எண்ணெய் தேய்த்துவிட்டு நேராகக் குளத்தில் இறங்க விடாதீர்கள். நல்லெண்ணெய் மணலில் படிந்தால் வடிகட்டி அடைத்து, மணலையே மாற்ற வேண்டி வரும். சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வரட்டும்.

அன்றைக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீடு நிறைய உறவினர், ஆளாளுக்கு மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்போம். குழந்தை நீரில் மூழ்கும்போது சத்தமே வராது. குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலி, தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, ஏற உதவும் நாற்காலியோ பூந்தொட்டியோ பக்கத்தில் இல்லாமை, இம்மூன்றும் முதல் சொட்டுத் தண்ணீர் விழுமுன்பே இருக்க வேண்டும். விருந்து நாளில் ஒரு பெரியவர் பெயரைச் சொல்லி, இந்த அரை மணி நேரம் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று ஒப்படையுங்கள். அவர் கையில் கைத்தொலைபேசி வேண்டாம். வீட்டில் இருவராவது இதய இயக்க மீட்புப் பயிற்சி எடுத்திருக்கட்டும். அவசர எண் 995.

குளத்தைக் காலி செய்யும் வேலை எப்போது வந்தாலும், ஓரத்துக் குழாயின் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்த்த பிறகே தொடங்குங்கள். மழை வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

நீர்மட்டம் குறைகிறதே, கசிகிறதோ என்ற சந்தேகம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பி, இரண்டாவது படியில் வையுங்கள். வாளியின் உள்ளேயும் வெளியேயும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். இரண்டையும் டேப்பால் குறித்து, பம்பை நிறுத்தி, மழையில்லாத ஒருநாள் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் ஆவியாவது இயல்பு, அது வாளியிலும் அதே அளவு குறைந்திருக்கும். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. அடுத்த நாள் பம்பை ஓடவிட்டு இதையே செய்யுங்கள். ஓடும்போது மட்டும் கூடுதலாக இறங்கினால் கோளாறு குழாயில். ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி இறங்கினால் தொட்டியில், அல்லது விளக்கு, ஸ்கிம்மர் பொருத்திய இடங்களில். கம்பி கட்டிய நாளில் எடுத்த படங்களை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.